தேயிலைக்குள்ளிருந்து வந்த சேலைன்

தங்கச்சிமாரே, தம்பிமாரே, மயிர்க்குழாய்களைப் பற்றி உங்களோடு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாதி வந்தால் பொறுமை, கருணை, சேவை என்று எதையாவது சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு நாடி, மறுபக்கம் நீல நாளம், நடுவில் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள். பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் படத்தை வரைந்து பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் பெரிய குழாய்களெல்லாம் வெறும் ரோட்டுதான். சாமான் இறக்குவதும் ஏற்றுவதும் அந்த மெல்லிய கோடுகளில்தான் நடக்கிறது. ஒட்சிசனும் சீனியும் அதன் சுவர் வழியாக இழையத்துக்குப் போகும்; காபனீரொட்சைட்டும் கழிவும் திரும்பி வரும். தண்ணீரும் அப்படித்தான். நாடிப் பக்கத்தில் இரத்தத்தின் அழுத்தம் கொஞ்சத் தண்ணீரை வெளியே தள்ளும். நாளப் பக்கம் போய்ச் சேருவதற்குள் இரத்தத்தில் இருக்கிற புரதம் அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சம் மீதியை நிணநீர்க் குழாய்கள் கொண்டுவந்து சேர்த்துவிடும். நாம் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

சில டெங்குக் காய்ச்சலில் இந்தச் சுவர் தளர்ந்துவிடும். தண்ணீரோடு புரதமும் வெளியே ஒழுகிவிடும். இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால் போன தண்ணீர் வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கி நிற்கும். ஆளைப் பார்த்தால் உப்பிப் போய் இருப்பார். ஆனால் குழாய்க்குள் இரத்தம் கெட்டியாகித் தொண்டை வறண்டு தவிப்பார். இதுவரைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அந்தச் சுவர் தானாகவே இறுகிக்கொள்ளும், வெளியே போன தண்ணீரெல்லாம் ஒன்றாகத் திரும்பி உள்ளே வரும் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நாமும் மேலே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆள் வெள்ளத்தில் மூழ்கின கணக்குத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மனதில் வைக்கவில்லை. ராமையாத் தலைவர்தான் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிய வைத்தார்.

அப்போது நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு மேடு. மேட்டில் தேயிலை. ஜன்னலைத் திறந்தால் கொழுந்து கைக்கு எட்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொழுந்து எடுக்கிறவர்கள் பேசுகிற வம்பெல்லாம் காதுக்கு எட்டும்.

ராமையா பக்கத்துத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வரும்போது காய்ச்சலையும் கொண்டுவந்துவிட்டார். நம்ம மலைக் குளிருக்கு நுளம்பே கிடையாது, டெங்கு எப்படி வரும் என்று இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்திருக்கிறார். அவர் மனைவி பார்வதியக்கா கொழுந்தெடுக்கிற மனுஷி. அவள்தான் ஆட்டோ பிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். வந்த உடனே அவர் கேட்டது ஜன்னலோரக் கட்டில். ஆட்கள் பார்க்க வருவார்களாம், தலைவர் மூலையில் கிடந்தால் நன்றாக இருக்காதாம். எங்கள் அட்டெண்டன்ட் அவர் தோட்டத்துப் பிள்ளை; சொல்லவா வேண்டும், கட்டில் கிடைத்தது.

எங்கள் வார்ட்டு டாக்டர் ஒரு சிங்களப் பெண். மாத்தறைப் பக்கம். வயதில் என் மகளைவிடச் சின்னவள். தமிழை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டாள். பயமில்லாமல் பேசுவாள், பிழை வந்தால் தானே சிரிப்பாள். எனக்கு வாய்த்த குரு யாரென்று கேட்டால் இந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

மறுநாளே தலைவருக்குக் கசிவு தொடங்கிவிட்டது. இரத்தம் கெட்டியாகிக்கொண்டு போனது. ஸ்கேன் செய்தால் வயிற்றில் தண்ணீர். டாக்டர் கட்டிலருகே வந்து நின்று விளக்கம் சொன்னாள்.

"தலைவர், உங்க குட்டிக் குட்டிக் குழாய் எல்லாம் இப்ப லீக். நான் அளந்து தண்ணி குடுக்கிறது. நான் மட்டும். வாயால குடிக்கிறதும் கணக்கு. வேற யாரு குடுத்தாலும் நீங்க குடிக்கிறது இல்ல. சரியா?"

"லீக்குன்னா அடைக்கணுமே டாக்டர் மிஸ்? எங்க லயத்துத் தண்ணிக் குழாய் ஒடைஞ்சப்ப நான் தொரை பங்களா வாசல்ல போயி நின்னு அன்னைக்கே அடைக்க வச்சேனுங்க."

"இது தொரை வந்து அடைக்க முடியாது. தானா அடையும். அதுவரைக்கும் நாங்க காவல்."

பார்வதியக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். "கொஞ்சமா குடுத்தா தாகத்துல தவிச்சுப் போயிர மாட்டாராங்க?" என்றாள்.

"தவிப்பார்," என்றாள் டாக்டர். "பாவம்தான். ஆனா நிறையக் குடுத்தா அந்தத் தண்ணி வெளிய போறது, அப்புறம் எல்லாம் சேர்ந்து திரும்பி வாறது. அப்ப மூச்சு முட்டிச் செத்துப்போறது."

சாவு என்ற சொல்லை அவள் அப்படிப் பட்டென்று போட்டதும் பார்வதியக்காவின் முகம் மாறிவிட்டது. அளவுக் கோப்பையை என்னிடமிருந்து வாங்கி, தன் கையாலேயே அளந்து கொடுத்தாள். வேறு யாரையும் நெருங்க விடவில்லை. அவள் வார்ட்டில் இருந்தவரைக்கும் எனக்குக் கவலையே இல்லை.

இனி நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவர்களாக இருந்தால் தெரியாது. தோட்டத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் லயமே, அந்த வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேருமே, கிளம்பிப் பார்க்க வரும். அரை நாள் பேரை, அதாவது கூலியை, விட்டுவிட்டு, வேன் பேசிக்கொண்டு வருவார்கள். வெறுங்கையோடு வருகிற பழக்கம் கிடையாது. காய்ச்சல்காரருக்குத் திடமாக எதுவும் இறங்காது என்பதால் எல்லாமே குடிக்கிற சாமான்: தெம்பிலி இளநீர், மால்ட்டு, கொத்தமல்லித் தண்ணீர், கஞ்சி, சூப்பு, டெங்கு என்று கேள்விப்பட்டால் பப்பாளி இலைச் சாறு. கொண்டுவந்ததைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். கண் முன்னே ஒரு மடக்காவது குடித்தால்தான் மனது ஆறும்.

ராமையாவோ தலைவர். அதற்கு மேல் அந்தத் தோட்டத்தில் இரண்டு சங்கம். மற்றச் சங்கத்தின் தலைவர் செல்லமுத்து. ஒல்லியான, கண்ணாடி போட்ட, கணக்கில் புலியான மனுஷன். தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்பதிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் முதலில் வருவது என்பது வரைக்கும் இரண்டு பேருக்கும் போட்டி. ராமையா கட்சிக்காரர்கள் ஒரு வேனில் வந்தால், செல்லமுத்து இரண்டு வேனில் ஆட்களோடு வந்து நின்றார். எதிராளி படுத்திருக்கும்போது குறைவாகக் கவனித்தார் என்று நாளைக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதல்லவா?

நான் விடுவேனா? வாசலில் செக்யூரிட்டி மாத்தையாவை நிறுத்தி, பை, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் பறிக்கச் சொன்னேன். அவர் "எபா, எபா" என்று சிங்களத்தில் வேண்டாம் சொல்லிக் கையை ஆட்டி ஆட்டி, மேசை நிறையப் போத்தல்களை வரிசை வைத்துவிட்டார். தோட்டத்து ஆட்கள் மூச்சுக் காட்டவில்லை. "சரிங்க மிஸ்", "ஆகட்டுங்க மிஸ்" என்று தலையை ஆட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரே பெருமை. என் ஒழுங்கைப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிகிறார்கள் என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்த நாள் காலையில் பார்வதியக்கா துணி மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானப் பார்வை நேரம் முடிந்த கையோடு தலைவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கினார். அந்தப் பெரிய குரலில் ஒரு சொல் வரவில்லை. இரத்தத்தைச் சோதித்தால், முதல் நாள் கெட்டியாக இருந்தது இப்போது திடீரென்று நீர்த்துப்போயிருந்தது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே எங்கேயோ இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் உடனே இரத்தம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் போய்விடுவார். மற்றது, குழாய்க்குள் தண்ணீர் அளவுக்கு மிஞ்சிவிட்டது. அப்படியானால் தண்ணீரை இறக்குகிற ஊசி போட வேண்டும். இரத்தம் கொட்டுகிற ஆளுக்கு அந்த ஊசியைப் போட்டால் ஆள் அவுட். மூழ்குகிற ஆளுக்கு இரத்தத்தை ஏற்றினாலும் அவுட். எங்கள் கணக்குப்படி அவர் குடித்தது கொஞ்சம்தான். அதனால் இரத்தக் கசிவு என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. அட்டெண்டன்ட் இரத்தப் பையோடு ஓடி வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் அந்த வளைவு ரோட்டில், படுக்கக்கூட முடியாத ஆளை எப்படிக் கொண்டுபோவது?

டாக்டர் அவர் விரலைப் பிடித்து நகத்தை அழுத்திவிட்டாள். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சட்டென்று சிவக்க வேண்டும். நுனியில் இருக்கிற மயிர்க்குழாய்களில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டுகிற சோதனை அது. தலைவர் நகம் சிவக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. கையும் ஐஸ் மாதிரி.

"ஷாக்தான், டாக்டர். இரத்தத்தைப் போட்டுருவோம்," என்றேன் நான்.

அவள் என் கையைப் பிடித்து என் நகத்தை அழுத்தினாள். சிவக்கவில்லை. தன் நகத்தை அழுத்தினாள். சிவக்கவில்லை. அட்டெண்டன்டின் நகத்தையும் அழுத்தினாள். வெளியே பனிமூட்டம், ஈரக்காற்று. அவனுக்குப் பற்களே தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"நாம நாலு பேருமே ஷாக்," என்றாள். "நாலு பேருக்கும் இரத்தம் ஏத்துவோமா?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தலைவரின் சட்டையைத் திறந்து, நெஞ்செலும்பின் மேல், போர்வைக்குள் சூடாக இருந்த தோலை அழுத்தினாள். விரலை எடுத்தவுடனே சிவந்தது. நாடியைப் பிடித்தாள், விரலை உதைத்துத் தள்ளுகிற மாதிரி துடித்தது. இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிற ஆளின் நாடி இப்படியா இருக்கும்?

"மிஸ், இவரு உடம்பு ஒண்ணு சொல்லுது, நம்ம கணக்கு ஒண்ணு சொல்லுது," என்றாள். "இரத்தத்தைக் கையில வச்சுக்கங்க. மாட்ட வேணாம்."

அவர் மூச்சுத் திணறுகிறார், நாங்கள் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அந்த நிற்பு இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வேலையை என் பணிக்காலத்தில் நான் செய்ததில்லை. கை துறுதுறு என்று இருக்கும். எதையாவது செய், எதையாவது மாட்டு என்று மனசு பிடுங்கும். அவள் நெற்றி வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

"தலைவரே, வெளியாள் யாராச்சும் குடுத்துக் குடிச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "முருகன் மேல சத்தியமா?" என்றேன். மனுஷன் திணறத் திணற மேசை மேலிருந்த கிளாஸைக் காட்டி, "அத... தொடக்கூட... இல்லீங்க," என்றார். பொய் சொல்கிற முகமாக எனக்குப் படவில்லை.

அப்போதுதான் தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தேன். மேட்டுத் தேயிலைக்குள் வரிசையாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொழுந்தெடுக்க நிரை பிடித்து நிற்கிற மாதிரியே நின்றார்கள். ஆனால் ஒருத்தி முதுகிலும் கூடை இல்லை, இடுப்பில் சாக்கும் இல்லை. ஒருத்தியும் கொழுந்தைத் தொடவில்லை. எல்லாருடைய கையிலும் ஃபிளாஸ்க். இடையிடையே ஆண்கள் வேறு.

என் கண் அங்கிருந்து மெல்ல இறங்கி வந்தது. தேயிலைச் செடிக்குள்ளிருந்து கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, சுவரோடு வந்து, தலைவரின் போர்வைக்குள் போயிருந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒரு டியூப் தொங்கினால் யார் ஏன் என்று கேட்பார்கள்? மேசன்மார் சுவர் கட்டும்போது தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூப்.

பிடித்து இழுத்தேன். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள். நானும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தலைவரே, போதுங்களா? சூப்பு ஒரு போத்தல் இன்னும் இருக்குங்க!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜன்னலில் முகத்தை வைத்து, "அறிவு கெட்ட ஜென்மங்களா, கொல்லவா பாக்குறீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் மேட்டில் ஒரு தலை இல்லை. தேயிலைக்குள் ஒளிவதற்கு அவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் செடிதான் பதில் சொல்ல வேண்டும்.

"ஐயோ மிஸ்," என்றாள் டாக்டர். "இப்ப எப்பிடிக் கேக்கிறது? ஒரு கப் குடிச்சிருந்தா அது காரணம் இல்ல. வாளி வாளியாக் குடிச்சிருந்தா அதுதான் காரணம். எனக்கு அளவு வேணும்."

சொல்லிவிட்டு அவள் ஓடினாள். பின்வாசல் வழியாக மேட்டில் ஏறி, வெள்ளைக் கோட்டு முள்ளில் சிக்கியதைக்கூடப் பார்க்காமல் தேயிலை நடுவில் போய் நின்றாள். நான் ஜன்னலில் நின்று தலைவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

"எல்லாரும் வாங்க," என்று கூப்பிட்டாள். "ஏசிறது இல்ல. தலைவர் மேல உங்களுக்கு எவ்வளவு அன்பு! எனக்குச் சந்தோசம். அந்த அன்பு எவ்வளவுன்னு லீட்டர்ல சொல்லுங்க."

ஒரு செடிக்குப் பின்னால் ஒரு தலை எழும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு பிடித்தது பாருங்கள் போட்டி.

"எங்க லயம் மால்ட்டு, பெரிய ஃபிளாஸ்க்கு, அடிமுட்டக் காலிங்க!"

"நாங்க தெம்பிலி. அவங்க ஊத்துனதவிட ரெண்டு பங்குங்க மிஸ்!"

"கொத்தமல்லித் தண்ணி காலையிலேருந்து எங்களுதுதாங்க!"

"டியூப்பு என்னுதுங்க," என்று மேசன் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினார். "மிஸ்மாரு போத்தல மேல தொங்கப்போட்டுக் கீழ எறக்குறாங்கல்ல, அதப் பாத்துட்டுத் தலைவருதான் யோசன சொன்னாரு. மேடு மேல இருக்கு, கட்டிலு கீழ இருக்கு. ஊத்துனா தானா எறங்கிருதுங்க."

செல்லமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒவ்வொருவராகக் கேட்டு, ஃபிளாஸ்க்கின் அளவைப் பார்த்து, மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டே போனார். தன் ஆட்கள் ஊற்றியதையும் விடவில்லை. கூட்டி முடித்துத் தொகையைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. இரண்டு நாளில் டாக்டர் அளந்து கொடுத்ததைப் போல அது எத்தனையோ மடங்கு.

"டாக்டர் மிஸ்," என்றார் செல்லமுத்து. "அப்ப... அவரு இப்பிடிக் கெடக்கிறது... எங்களாலயாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. "ஆமா," என்றாள். "ஆனா இப்ப நீங்க சொன்னது எனக்குப் பெரிய மருந்து. நான் உள்ள போறது, ஊசி போடுறது. நீங்க சாமி கும்பிடுறது." திரும்பி ஜன்னலைப் பார்த்து, "மிஸ், இரத்தத்தை ஃபிரிட்ஜில வைங்க!" என்று கத்தினாள்.

ஊசியைப் போட்டோம். நிமிர்த்தி உட்கார வைத்து ஒட்சிசனைக் கொடுத்தோம். இனி அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும். ஊசி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: சிறுநீர். அது வராவிட்டால் நாங்கள் நினைத்தது தப்பு, அந்தத் தப்புக்கு விலை அவருடைய உயிர்.

அந்த நேரம் பார்த்துப் பார்வதியக்கா துணிப்பையோடு உள்ளே வந்தாள். கட்டிலில் கிடந்த டியூப்பையும் புருஷன் இருக்கிற கோலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"நான் பொட்டுப் பொட்டா அளந்து குடுத்தேனே," என்றாள். "நீ நாக்கு வறண்டு கேட்டப்பக்கூட மனசக் கல்லாக்கிட்டுக் குடுக்கலையே. ஏன்யா இப்பிடிப் பண்ணுன?"

தலைவர் ஒட்சிசன் முகமூடியை விலக்கினார். "வேணாம்னா... மொகஞ் சுருங்கிரும் புள்ள. அவன்கிட்டக் குடிச்ச... எங்கிட்டக் குடிக்கலன்னு... நாளைக்குப் பேச்சு வரும். தலைவரு எல்லாருக்கும்... பொது."

"உசுரு இருந்தாத்தான்யா தலைவரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் மூன்றாவது கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, அவர் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு சங்கமும் மேட்டில் நின்றது. கலைந்து போங்கள் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை செல்லமுத்து கம்பியருகே வந்து மெதுவாகக் கேட்பார்.

"மிஸ், தலைவருக்கு... ஒண்ணுக்குப் போச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் திரும்பி மேட்டைப் பார்த்துக் கையை விரிப்பார். மேடு முழுக்க ஒரு பெருமூச்சுப் போகும். சூப்புக் கொண்டுவந்த அக்கா, போத்தலைச் செடிக்கடியில் வைத்துவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்பைக் கொண்டுவந்து கொட்டியவர்கள்தானே? கொட்டிய இடம்தான் பிழை.

அப்புறம் தலைவர் பார்வதியக்காவின் காதில் ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிறுநீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்துத் திரையை இழுத்தேன். அது நிரம்பியது. இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் நிரம்பியது. டாக்டர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தங்கக் காசைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். தாதி உடுப்பு, கௌரவம் எல்லாம் மறந்துவிட்டது. "போகுது!" என்று கத்தினேன். "நல்லாப் போகுது!"

மேட்டில் கிளம்பிய சத்தத்தைக் கேட்டுச் சண்டை என்று நினைத்துச் செக்யூரிட்டி மாத்தையா பிரம்போடு ஓடி வந்தார். "ராமையாத் தலைவர்!" என்று ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. "வாழ்க!" என்று மேடே அதிர்ந்தது. எடுத்துக் கொடுத்தவர் செல்லமுத்து. வாயை மூடிய பிறகுதான் தான் யாருக்குக் கோஷம் போட்டோம் என்று அவருக்கே உறைத்தது. ஒரு தடவை இருமிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

பிள்ளைகளே, ஒழுகுகிற குழாய்க்கு ஊற்றிக்கொண்டே இருக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும், உங்களுக்கும் எனக்கும்கூட. நிறுத்திப் பிடிப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். அதைவிட முக்கியம், நோயாளி மறைத்ததை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கத்தாதீர்கள். நான் கத்தியதும் எல்லாரும் செடிக்குள் ஒளிந்துகொண்டார்கள். அந்தச் சின்னப் பெண் அவர்கள் அன்பைப் பாராட்டினாள், உண்மை லீட்டர் கணக்கில் வந்து கொட்டியது. வீட்டுக்குப் போகும்போது இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள்.

இருட்டுக் கட்டுகிற நேரத்தில் தலைவரின் தோள் ஏறி இறங்குவது நின்றிருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "படுக்கலாம்," என்றாள். அவ்வளவு நேரமும் படுக்க முடியாமல் தவித்த மனுஷன், பார்வதியக்காவின் தோளிலிருந்து மெல்லச் சரிந்து மல்லாக்கப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் ஒரு குறட்டை விட்டார் பாருங்கள், வார்ட்டுக் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. மூன்றாவது கட்டில்காரர் என்னைப் பார்த்து, "மிஸ், அவரக் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்களேன், நாங்களும் மனுஷங்கதானே," என்றார்.

நான் கட்டில் பக்கம் போனேன். பார்வதியக்கா அவசர அவசரமாகக் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் சிரிப்பு.

"தொடாதீங்க மிஸ்," என்றாள். "இந்தச் சத்தத்துக்காக இவரைத் திட்டாத நாள் இல்ல. இன்னைக்கு நான் உக்காந்து கேக்குறேன்."